பெரியமரம் ஸ்டாப்பிங்

சங்கரியை இதுவரை நான்கு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு தடவையும் செங்கல்பட்டு வீட்டின் முன்னறையில், அதே பச்சை ஜமுக்காளத்தின் மேல்தான். ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணகி வாழைக்காய் பஜ்ஜி போட்டு, கேசரி கிளறி, தட்டை இவள் கையில் திணித்து அனுப்பினாள். குனிந்து தட்டை நீட்டுகிறவளுக்கு எதிரில் இருப்பவர் முகம் எங்கே தெரியப்போகிறது? கைதான் தெரியும். முதலில் வந்த கையில் ராசிக்கல் மோதிரம் இருந்தது. இரண்டாவது, நகம் கடிக்கிற கை. மூன்றாவது கை ஒரு பஜ்ஜியை எடுத்து, எண்ணெய் அதிகமென்று திரும்ப வைத்தது. நாலாவது கை எப்படி இருந்தது என்று யோசித்தால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த இடம் முடிந்திருந்தால், ஞாபகத்தில்கூட நிற்காத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே மிச்ச வாழ்க்கை முழுக்க நடந்திருக்க வேண்டும்?

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். இனி யார் வந்தாலும் வீட்டில் வேண்டாம், வெளியே எங்காவது ஒரு மரத்தடியில் பார்த்துக்கொள்ளலாம், பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும், அவரும் நானும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றாள்.

அப்பா துரை அரசு பஸ்ஸில் கண்டக்டர். எதைக் கேட்டாலும் உடனே இல்லையென்று சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள் சரியென்று விடுகிற ரகம். பொண்ணு பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதென்ன மரத்தடி என்று கேட்டார். காரணம் சங்கரி படிக்கிற புத்தகங்களில் இருந்தது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து நூலகத்திலிருந்து எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவல்களைப் படிப்பாள். அட்டை போய், முதல் பத்துப் பக்கமும் போய், எந்த நாட்டுக் கதை என்றே கண்டுபிடிக்க முடியாத புத்தகங்கள் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கதைகளில் யாராவது இரண்டு பேர் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் ஒரு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். ஓக் மரம், பிர்ச் மரம் என்று மொழிபெயர்ப்பாளர் அப்படியே எழுதியிருப்பார். பிர்ச் மரத்துக்கு வெள்ளைப் பட்டை என்று படித்ததிலிருந்து, சுண்ணாம்பு அடித்த முருங்கைமரம் ஒன்று பனியில் நிற்பதாக அவள் மனதுக்குள் ஒரு படம். இதையெல்லாம் கண்டக்டரிடம் சொல்ல முடியுமா? வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்று மட்டும் சொன்னாள்.

அப்பா வழக்கம்போல இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கல்பாக்கத்து அணுசக்தி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு வரன் வந்திருந்தது. பெயர் பாலசுப்ரமணியன், தென்காசிப் பக்கம், அம்மாவோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அவரை வேண்டுமானால் மரத்தடியில் பார்க்கலாம். அது சரிப்படவில்லையென்றால் மதுராந்தகம் ரைஸ்மில்காரர்கள் புதன்கிழமை வீட்டுக்கு வருவார்கள், சங்கரி தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும், அவர்கள் பிடித்திருக்கிறது என்றால் இவளும் தலையாட்ட வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எதுவும் பேச முடியாது. ரைஸ்மில்காரர்கள் நல்ல மனிதர்கள்தான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: மருமகள் வேலைக்குப் போகக் கூடாது.

சங்கரி ஒத்துக்கொண்டாள். மரத்தையும் அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில் அதைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எவ்வளவு காலமென்று யாரும் சொல்ல முடியாத ஒரு பெருக்கமரம். குதிரை விற்க வந்த அரபிக் கப்பல்காரர்கள் போட்ட விதை என்கிறார்கள். டச்சுக்காரர்கள் கடலிலிருந்து கரையை அடையாளம் பிடித்தது இதை வைத்துத்தானாம். அடிமரத்துக்குள் ஓர் அறை அளவுக்குப் பொந்து. துணி வாங்க வந்த அந்நியர்களும் நெசவாளர்களின் தரகர்களும் அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்து பேரம் பேசினார்களாம். இவன் பாஷை அவனுக்குத் தெரியாது. ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை சொல்லிக்கொண்டார்களாம். சங்கரி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள். ஓக் மரம் இல்லாத ஊரில் இதைவிட என்ன மரம் வேண்டும்?

அதில் ஊர் பெயர் ஏதோ போட்டிருந்தது. அப்பா அதைப் படிக்கக்கூட இல்லை. படத்தைப் பார்த்ததுமே, "இது பெரியமரம் ஸ்டாப்பிங்கும்மா. என் ரூட்டு. ஒரு நாளைக்கு நாலு ட்ரிப்பு அந்தப் பேரச் சொல்லிக் கூவறவன் நான்" என்று எழுந்து, தெருமுனை பூத்துக்குப் போய் கல்பாக்கத்துக்குப் போன் போட்டார். திருக்கழுக்குன்றம் போகிற பஸ்ஸில் ஏறிப் பெரியமரத்தில் இறங்கிக்கொள்ளச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடித்தார். அவர் குரலில் இருந்த நிச்சயத்தைக் கேட்டு, சங்கரியும் மறுபடி அந்தத் துண்டுப் பேப்பரை எடுத்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை மூன்று பேரும் பெரியமரத்தில் இறங்கினார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கியபோது அங்கே ஒரு நிழற்குடை, ஒரு பெட்டிக்கடை, காலியான தார் டிரம் ஒன்று. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சவுக்குத் தோப்பும் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையும்தான்.

அப்பா நாலா பக்கமும் பார்த்தார். உள்ளே தள்ளி இருக்கும் என்றார். ஸ்டாப்பிங் என்பது ரோட்டு மேல், ஊரும் கோயிலும் மரமும் உள்ளே தள்ளித்தான் இருக்கும் என்றார். பெட்டிக்கடைக்காரரிடம் போய் மரத்துக்கு வழி கேட்டார்.

"மரமா? இன்னா மரம்?" கடைக்காரர் பீடிக் கட்டைப் பிரித்தபடியே கேட்டார். "பெரிய புளியமரம் ஒண்ணு இருந்துச்சு. ரோடு அகலம் பண்றப்பவே வெட்டிட்டானுங்க. பேரு மட்டும் நின்னுகினு கீது. நீ கண்டக்டர் அண்ணாத்த தானே? டெய்லி இங்கதான விசில் ஊதுற, பார்க்கலியா?"

அப்பா பார்த்ததில்லை. கூட்டத்துக்கு நடுவில் குனிந்து சீட்டுக் கிழித்துக்கொண்டே பெயரைக் கூவுவார், இறங்குகிறவர் இறங்கினால் விசில் கொடுப்பார். அத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் ஒரு நாளும் அவர் கால் தரையில் பட்டதில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க சங்கரிக்குச் சங்கடமாக இருந்தது.

கடைக்காரர் விடவில்லை. காலையிலேயே ஓர் அம்மாவும் பிள்ளையும் இறங்கி இதே மரத்தைக் கேட்டதாகச் சொன்னார். வெயிலில் ரொம்ப நேரம் நின்றார்களாம். அந்த அம்மாவுக்கு ஒரே பேஜாராகிவிட்டதாம். பழைய மரம் என்றால் காரைப்பாக்கம் தர்கா பக்கத்துப் பெருக்கமரம்தான், கடலோரம், அதற்குத் தர்கா ஸ்டாப்பிங் என்று கடைக்காரரே சொல்லி, ஷபீர் என்கிறவரின் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

அம்மா கண்ணகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். முதல் காரியமே தடை, சகுனம் சரியில்லை, திரும்பிப் போய்விடலாம் என்றாள். அப்பா செங்கல்பட்டுப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் போகிற பஸ் எப்போது வருமென்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். சங்கரிக்குப் புதன்கிழமை கண்ணெதிரே வந்து நின்றது. பச்சை ஜமுக்காளம், தட்டு, இன்னொரு கை.

அப்போதுதான் ஷபீரின் ஆட்டோ காலியாகத் திரும்பி வந்தது. முப்பது வயதுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அவங்களா? மரத்தாண்ட வுட்டுட்டுத்தான் வரேன். அந்தம்மா செம சூடுல கீது. எடத்தையே சரியா சொல்லத் தெரியாத வூட்ல பொண்ணு எடுக்கறதான்னு வழி பூரா ஒரே புலம்பல். அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பிடுவாங்க."

"அதுக்குள்ள போய்டலாமா?" என்று சங்கரி கேட்டாள்.

"ஏறுங்க, பார்க்கலாம்."

அப்பாவையும் அம்மாவையும் அவள் பார்க்கவில்லை. பார்த்தால் தயக்கம் வந்துவிடும். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டாள். முதலில் அம்மா ஏறினாள். பெண் ஏறிய வண்டியில் தாய் ஏறாமல் என்ன செய்வாள்? அப்பா கடைசியாக, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட பயணியைப் போல, ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

சவுக்குத் தோப்பு முடிந்ததும் மணல் பாதை. தர்காவின் பச்சைக் கொடி முதலில் தெரிந்தது, அப்புறம் மரம். சங்கரி அதை மரம் என்று முதலில் நினைக்கவில்லை. ஏதோ பழைய கட்டடம் என்றே நினைத்தாள். யானைத் தோல் போன்ற சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக அவ்வளவு பெரிய அடிமரம். அதன் தலையில் மட்டும் புத்தம்புது இலைகள், நேற்றுத்தான் துளிர்த்ததுபோல இளம்பச்சையாக. அவ்வளவு கிழடுக்கு இவ்வளவு இளசா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மரத்துக்கு எதிரில் ஓலைக் கொட்டகை போட்டு, டீயும் சர்பத்தும் பஜ்ஜியும் விற்றுக்கொண்டிருந்தார் சம்சாத் பேகம். அங்கே ஸ்டூலில் ஒரு வயதான அம்மாள், சர்பத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் அணைத்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பாலசுப்ரமணியனின் அம்மா ஞானம்பாள்தான் அது. அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே போனார்.

"தப்பு என்னுதுதான் சம்பந்தி. அந்த ஸ்டாப்பிங்ல நான் எறங்கினதே இல்ல" என்றார்.

ஞானம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சம்பந்தின்னே சொல்லியாச்சாக்கும்" என்றார்.

கண்ணகி பதறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேச ஆரம்பித்தாள். பையனைக் காணோம். சங்கரி கண்ணால் தேடுவதைச் சம்சாத் பேகம் கவனித்துவிட்டார். கரண்டியாலேயே மரத்தைக் காட்டினார்.

"பொந்துக்குள்ள ஒரு ஆளு கீறாரு. வந்ததுலேர்ந்து அங்கதான். உள்ள போய்ப் பாரும்மா, ஒண்ணும் கடிக்க மாட்டாரு."

பொந்தின் வாசல் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவு. உள்ளே குளுமை, வௌவால் வாடை. கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. நடுவில் ஒருவர் கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றிருந்தார். வந்தது யாரென்று திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"இங்க வந்து நின்னு பாருங்க. ஒரு தோசை அளவுக்கு வானம் தெரியுது."

சங்கரி பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். கருகாத தோசைதான். ஓரத்தில் ஒரு மேகம் வேறு, தேங்காய்ச் சட்னி மாதிரி. அவள் சிரித்த சத்தத்தில் அவர் திரும்பினார். மூக்குக் கண்ணாடி, மூக்கில் வெயில் பட்ட சிவப்பு. முகம் முழுசாகத் தெரிந்தது.

"நீங்க... பெரியமரமா?" என்றார்.

"ஆமா. நீங்க கல்பாக்கமா?"

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் கேட்டுக்கொள்வது போலத்தான் இருந்தது. அதனாலேயே இருவருக்கும் அடுத்த வார்த்தை சுலபமாக வந்தது. ஏன் மரத்தடி என்று கேட்டீர்கள் என்று அவர் கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவள் அந்த இருட்டில் சொன்னாள். கதைகளில் படித்தது, பனி பெய்கிற ஊர்களில் அப்படித்தான் என்றாள்.

"மரத்தடியில என்ன செய்வாங்க?"

"பேசுவாங்க. நிறைய பேசுவாங்க. நடுவுல யாரும் பஜ்ஜி கொண்டுவர மாட்டாங்க."

அவர் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி, தன் பக்கத்துச் சங்கதியைச் சொன்னார். அவரையும் இரண்டு இடத்தில் வேண்டாமென்றிருக்கிறார்கள். அணு உலைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவனுக்குப் பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்று பயம். மனசுக்குப் பட்டதை நேராகச் சொன்னால் பரவாயில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள் என்றார்.

"எங்க சட்டையில ஒரு பட்டை குத்தியிருப்பாங்க. உடம்புல எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்குன்னு அத வச்சு அளக்காங்க. எனக்கு இதுவரைக்கும் பயப்படும்படியா ஒண்ணும் இல்ல. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

சங்கரிக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். "எங்க கம்பெனில நாள் பூரா பெயிண்ட் வாடை. அத யாரும் அளக்கறதில்ல" என்றாள். "நானும் ஒண்ணு சொல்லணும். நான் வேலைய விடமாட்டேன்."

அவர் உடனே சரியென்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அவர் அண்ணாந்து அந்தத் தோசை வானத்தைப் பார்த்தார்.

"கல்பாக்கத்துல இருந்து மறைமலைநகருக்கு எப்படிப் போவீங்க?"

"தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார். "ஆனா தெரிஞ்சவர் ஒருத்தர் வெளிய நிக்காரே."

வாசல் வழியாக வெயிலில் அப்பா தெரிந்தார். சம்சாத் பேகத்தின் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, யாரும் தன்னிடம் பேசாததால் கடலைப் பார்ப்பதுபோல நின்றிருந்தார். சங்கரி பொந்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனையோ கைகள் தேய்த்து வழவழவென்று இருந்தது. இதற்குள் உட்கார்ந்து பேரம் பேசியவர்களுக்கும் எதிராளியின் விரல்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. தனக்கு அவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். பாலசுப்ரமணியன் நேராக அப்பாவிடம் போய் வணக்கம் சொல்லிவிட்டு, கல்பாக்கத்திலிருந்து மறைமலைநகருக்கு வேலைக்குப் போய் வரத் தோதான பஸ் எது என்று கேட்டார். அப்பாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்தார். முதல் வண்டி கழுக்குன்றம் வழி, அங்கே இறங்க வேண்டாம், அதே வண்டி செங்கல்பட்டு போகும், ஆனால் சீட்டு கிடைக்காது. அதைவிட அதற்குப் பின்னால் வருகிற தனியார் வண்டி நல்லது, டிரைவர் தெரிந்தவன், ஜன்னலோரம் போட்டு வைப்பான். செங்கல்பட்டில் நம் வீட்டு முனையிலேயே கம்பெனி பஸ் பிடித்துக்கொள்ளலாம். சொல்லச் சொல்ல அவர் குரல் பழைய விசில் குரலாகிவிட்டது.

"இந்தத் தடவை நான் எறங்கிப் பார்த்த ஸ்டாப்பிங்கத்தான் சொல்றேன், தம்பி" என்று முடித்தார்.

ஞானம்பாள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். "காலையில போயி ராத்திரி வந்தா வீடு வெளங்குமா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"நான் சாயங்காலமே வந்துருதேனேம்மா. சோறு நான் வடிக்கேன். இப்பவும் நான்தான வடிக்கேன்?" என்றார் மகன்.

அம்மா கண்ணகியின் வாய் தானாகத் திறந்தது. சோறு வடிக்கிற மாப்பிள்ளையை அவள் கேள்விப்பட்டதில்லை. ஞானம்பாள், வந்ததிலிருந்து தொடாத சர்பத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஐஸ் கரைந்துபோயிருந்தது. சம்சாத் பேகத்திடம், இன்னொன்று போடு, இந்தப் பிள்ளைக்கும் சேர்த்து என்று சங்கரியைக் காட்டினார்.

"வெறும் சர்பத்தா?" என்றார் சம்சாத் பேகம். "இன்னா பொண்ணு பார்க்குறீங்க நீங்கள்லாம்? ஒரு பஜ்ஜி வாணாம்?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு எண்ணெயிலிருந்து வாழைக்காய் பஜ்ஜியை அரித்து, ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் கொட்டி நீட்டினார். பழக்கதோஷத்தில் சங்கரியின் கை போனது. அதற்கு முன்பே இன்னொரு கை தட்டை வாங்கிவிட்டது.

பாலசுப்ரமணியன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் அம்மா கண்ணகியிடம் குனிந்து நீட்டினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தாள். அப்பா சூடு பார்க்காமல் எடுத்துவிட்டு, கைக்குக் கை மாற்றி ஊதினார். ஷபீர் ஆட்டோவில் இருந்தபடியே தனக்கு இரண்டு வேண்டுமென்றார். மாப்பிள்ளைப் பையன் நல்லா நடக்கிறாரா என்று நாங்கள் பார்க்க வேண்டாமா, இன்னும் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள் என்று சம்சாத் பேகம் அடுப்படியிலிருந்து சொன்னார். ஞானம்பாளே சிரித்துவிட்டார்.

சங்கரி போய் மரத்தின் வேர் ஒன்றின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். தட்டு கடைசியாக அவளிடம் வந்தது. அவள் உடனே எடுக்கவில்லை. தன்னை நான்கு தடவை பார்த்ததுபோல, அவசரமே இல்லாமல், தலையிலிருந்து கால்வரை அவரைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை பட்ட சட்டைக் கை. மணல் ஏறிய செருப்பு. தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிற விரல்கள். அப்புறம் முகம். அவர் காதுவரை சிவந்துபோனார்.

அவள் இரண்டு பஜ்ஜி எடுத்துக்கொண்டாள்.

பின்னால் அப்பா, வாயில் பஜ்ஜியோடு, பக்கத்தில் போன் பூத் எங்கே இருக்கிறது என்று ஷபீரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மதுராந்தகத்துக்கு ஒரு போன் போட வேண்டுமாம், புதன்கிழமை வர வேண்டாமென்று. ஷபீர் ஏதோ ஊரின் பெயரைச் சொன்னார்.

"பேரு சொல்லாதப்பா" என்றார் அப்பா. "என்னைக் கூட்டிகினு போய் எறக்கி வுட்டுடு."